ஜெயித்தது யார் என்று சொல்ல முடியாத தேர்தல்: விகிதாசார முறையும் கூட்டணி ஆட்சியும்

2014 நாடாளுமன்றத் தேர்தலில் நம்ம சிவகங்கைத் தொகுதியில் நான்கு முனைப் போட்டி. அ.தி.மு.க.வின் செந்தில்நாதன் ஏறக்குறைய 4 லட்சத்து 76 ஆயிரம் வாக்குகள் வாங்கி ஜெயித்தார். தி.மு.க.வுக்கு 2 லட்சத்து 46 ஆயிரம், பா.ஜ.க.வுக்கு 1 லட்சத்து 33 ஆயிரம், காங்கிரசுக்கு 1 லட்சத்து 4 ஆயிரம் என்ற அளவில் கிடைத்தது. தோற்ற இந்த மூன்று பேரின் வாக்குகளையும் கூட்டிப் பாருங்கள், ஜெயித்தவர் வாங்கியதைத் தாண்டிவிடும். ஆனாலும் டெல்லிக்குப் போனது ஒருவர்தான். மீதிப் பேருடைய வாக்கு பெட்டியில் விழுந்ததோடு சரி.

இதை ஒரு தொகுதியின் சங்கதி என்று விட்டுவிட முடியாது. அந்த ஆண்டு தமிழ்நாடு முழுக்க இதே கதைதான். நூற்றுக்கு 44 பேர் அளவில் அ.தி.மு.க.வுக்குப் போட்டார்கள், 39 தொகுதியில் 37 அந்தக் கட்சிக்கு. தி.மு.க.வுக்கு நூற்றுக்கு 23 பேருக்கு மேல் போட்டிருந்தும் ஒரு இடம்கூட இல்லை. பா.ஜ.க. வாங்கியது ஐந்தரை சதவீதம், பா.ம.க. நாலரைக்குக் கொஞ்சம் குறைவு, ஆளுக்கு ஓர் இடம் கிடைத்தது. 23 சதவீதத்துக்குப் பூஜ்யம், 5 சதவீதத்துக்கு ஒன்று! இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தொகுதிக்குத் தொகுதி யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கே இடம் என்பது சட்டம், அந்தச் சட்டப்படிதான் எல்லாம் நடந்தது.

வேறு மாதிரியும் தேர்தல் நடத்தலாம். ஒரு கட்சிக்கு நூற்றுக்கு எத்தனை பேர் போட்டார்களோ, சபையில் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் இடம் கொடுப்பது. அதற்கு விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என்று பெயர். அந்தக் கணக்கில் பார்த்தால் 2014-ல் அ.தி.மு.க.வுக்கு 17 இடம், தி.மு.க.வுக்கு 9 இடம், மிச்சம் மற்றவர்களுக்கு என்று போயிருக்கும்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதில் புரியாமல் போக ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் நாலு பேர் பங்கு போட்டுக் கொழும்பிலோ ரங்கூனிலோ கடை வைத்தார்கள். ஒருவர் போட்ட முதல் நாலு பங்கு, அடுத்தவர் மூன்று, இன்னொருவர் இரண்டு, கடைசி ஆள் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கணக்கு முடிக்கும்போது லாபம் நாலு, மூன்று, இரண்டு, ஒன்று என்றுதான் பிரியும். ‘அதிக முதல் போட்டது நான், அதனால் லாபம் முழுக்க எனக்கே’ என்று நாலு பங்குக்காரர் பேரேட்டை மூடினால் மற்ற மூவரும் சும்மா இருப்பார்களா? நமது தொகுதித் தேர்தல் அந்த நாலு பங்குக்காரர் சொல்கிற மாதிரி நடக்கிறது. விகிதாசார முறை, போட்ட முதலுக்கு ஏற்ற லாபம் என்கிற மாதிரி.

இது நமக்கு முழுக்கப் புதுசும் இல்லை. ராஜ்யசபா தேர்தல் வந்தால் ‘34 எம்.எல்.ஏ. இருந்தால் ஒரு எம்.பி.’ என்று டீக்கடையில்கூடக் கணக்குப் போடுவார்கள். அந்த 34 எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டுக்கு ராஜ்யசபாவில் 18 இடம். வழக்கமாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதில் ஆறு காலியாகும். 234 எம்.எல்.ஏ.க்களை ஆறோடு ஒன்று கூட்டி ஏழால் வகுத்தால் 33 சொச்சம், அதற்கு அடுத்த முழு எண் 34. ஆறு இடத்தையும் பெரிய கட்சியே அள்ளிக்கொண்டு போகாமல், எதிர்க்கட்சிக்கும் இரண்டோ மூன்றோ கிடைப்பது இதனால்தான். இதுவும் விகிதாசாரத்தில் ஒரு வகைதான். பொதுமக்கள் நேராக வாக்களிக்கும் தேர்தலில் மட்டும் நாம் இதை வைத்துக்கொள்ளவில்லை.

பொதுமக்கள் வாக்களிக்கும் மாகாணத் தேர்தலில் இது எப்படி நடக்கும் என்று பார்க்க ஸ்காட்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் போகத் தேவையில்லை. நம் முன்னோர்கள் கப்பலேறிப் போய்க் கடை வைத்த இலங்கையே பக்கத்தில் இருக்கிறது. கொழும்புச் செட்டியார் தெருவைப் பற்றிக் கேள்விப்படாத வீடு காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் குறைவு. அங்கே கிழக்கு மாகாணத்தில், அதாவது திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை மூன்று மாவட்டங்களில், 2012 செப்டம்பர் 8-ஆம் தேதி நடந்த மாகாண சபைத் தேர்தலை எடுத்துக்கொள்கிறேன். பாடப்புத்தகத்தில் போடுகிற அளவுக்குக் கச்சிதமான உதாரணம் அது. தமிழ்ப் பெயர்களாக வருவதால் படிக்கவும் சுலபம்.

அதற்கு முன் ஒரு சின்னப் பின்னணி. இலங்கையிலும் ஒரு காலத்தில் நம்மைப் போல்தான் தொகுதித் தேர்தல். 1977-ல் ஐக்கிய தேசியக் கட்சி பாதிக்குச் சற்று மேல் வாக்கு வாங்கி 168 இடங்களில் 140-ஐப் பிடித்தது. நூற்றுக்கு 30 அளவில் வாக்கு வாங்கிய சுதந்திரக் கட்சிக்கு வெறும் 8. ஏழு சதவீதம்கூட வாங்காத தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. ஒரே பகுதியில் வாக்குகள் குவிந்திருந்ததால் வந்த பலன் அது, அந்தக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். அடுத்த ஆண்டு, 1978-ல் வந்த அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக 13-ஆவது திருத்தம் வழியாக மாகாண சபைகள் வந்தபோது, அவற்றுக்கும் அதே முறைதான்.

இனி கிழக்குக்கு வருவோம். அங்கே பெரும்பான்மை இனம் என்று எதையும் சொல்ல முடியாது. 2012 கணக்கெடுப்புப்படி தமிழர் நூற்றுக்கு 40, முஸ்லிம்கள் 37, சிங்களவர் 23 என்ற அளவில் இருக்கிறார்கள். கட்சிகளின் பெயர்கள் நீளம், ஆகவே சின்னத்தை வைத்தே பேசுகிறேன். நாமும் இரட்டை இலை, உதயசூரியன் என்றுதானே பேசுகிறோம். அப்போது ஜனாதிபதியாக இருந்த மகிந்த ராஜபக்சவின் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு வெற்றிலை. சம்பந்தன் தலைமையிலான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் நின்றது. ரவூப் ஹக்கீமின் முஸ்லிம் காங்கிரசுக்கு மரம். ஐக்கிய தேசியக் கட்சிக்கு யானை. இவை போக விமல் வீரவன்சவின் தேசிய சுதந்திர முன்னணி என்று ஒரு சின்னக் கட்சி தனியாக நின்றது.

வாக்காளர் என்ன செய்வார்? வாக்குச்சீட்டில் முதலில் ஒரு சின்னத்துக்கு நேரே புள்ளடி, அதாவது பெருக்கல் குறி போடுவார். அது கட்சிக்கு. அப்புறம் வேண்டுமானால் அதே கட்சியின் வேட்பாளர் எண்களில் மூன்று வரைக்கும் குறி போடலாம். அதற்கு விருப்பு வாக்கு என்று பெயர். கட்சிக்கு எத்தனை இடம் என்பதைச் சின்னத்துக்கு விழுந்த வாக்கு முடிவு செய்யும். அந்த இடங்களில் யார் உட்காருவது என்பதை விருப்பு வாக்கு முடிவு செய்யும். காரைக்குடித் தொகுதி, திருப்பத்தூர்த் தொகுதி என்று தனித்தனியாக இல்லாமல் சிவகங்கை மாவட்டம் முழுக்க ஒரே தொகுதி, அதில் பத்துப் பதினைந்து பேரை அனுப்ப வேண்டும் என்று கற்பனை செய்துகொண்டால் படம் சரியாக வந்துவிடும்.

மட்டக்களப்பு மாவட்டத்துக்கு 11 இடம். அங்கே செல்லுபடியான வாக்குகள் 2 லட்சத்து 6 ஆயிரத்தை ஒட்டி. 11-ஆல் வகுத்தால் ஓர் இடத்தின் விலை ஏறக்குறைய 18,700 வாக்கு. வீடு வாங்கியது 1,04,682. அதில் 18,700 ஐந்து முறை போகும், பாதிக்குக் கொஞ்சம் மேல் மிஞ்சும். வெற்றிலை வாங்கியது 64,190. மூன்று முறை போகும், பாதிக்குக் கொஞ்சம் கீழே மிஞ்சும். மரம் வாங்கியது 23,083. ஒரு முறை போகும், கால்வாசி அளவுக்கு மிஞ்சும். ஆக ஐந்து, மூன்று, ஒன்று, மொத்தம் ஒன்பது இடம் போய்விட்டது. இன்னும் இரண்டு பாக்கி. யாரிடம் மிச்சம் அதிகமோ அவருக்கு முதலில். வீட்டுக்கு ஒன்று, அடுத்து வெற்றிலைக்கு ஒன்று. முடிவு: வீடு 6, வெற்றிலை 4, மரம் 1. நூற்றுக்கு 51 பேர் போட்ட கட்சிக்கு 11-ல் 6, நூற்றுக்கு 31 பேர் போட்ட கட்சிக்கு 4, நூற்றுக்கு 11 பேர் போட்ட கட்சிக்கு 1. இதே வாக்குக்கு நம் முறையில் வீடு எத்தனையை அள்ளியிருக்கும் என்பது தொகுதியின் கோட்டை எங்கே கிழிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

திருகோணமலை இன்னும் வேடிக்கை. அங்கே 10 இடம், ஓர் இடத்தின் விலை 15 ஆயிரத்தை ஒட்டி. வீட்டுக்கு 44,396, வெற்றிலைக்கு 43,324. ஆயிரம் வாக்குதான் வித்தியாசம், இரண்டுக்கும் மும்மூன்று இடம். மரம் 26,176 வாங்கி இரண்டு. அப்புறம் யானை 24,439, ஆனால் ஒரே ஓர் இடம்தான். வீரவன்ச கட்சி வெறும் 9,522, அதற்கும் ஓர் இடம்! அநியாயம் என்று தோன்றும். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் யானை ஓர் இடத்துக்கு விலை கொடுத்த பிறகு அதன் கையில் மிஞ்சியது இந்த 9,522-ஐவிடச் சொற்பம் குறைவு. கடைசி இடம் மயிரிழையில் கை மாறிவிட்டது. விகிதாசாரம் என்றால் தராசில் நிறுத்த மாதிரி இருக்கும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓர் இடத்தை அறுத்துப் பாதியாகக் கொடுக்க முடியாது. எங்கோ ஒரு மூலையில் இப்படி ஒரு பிசிறு நிற்கத்தான் செய்யும்.

அம்பாறையில் 14 இடம், விரைவாகச் சொல்லிவிடுகிறேன்: வெற்றிலை 5, மரம் 4, யானை 3, வீடு 2.

மூன்று மாவட்டத்தையும் கூட்டினால் வெற்றிலை 12, வீடு 11, மரம் 7, யானை 4, வீரவன்ச கட்சி 1. மொத்தம் 35. ஆனால் சபையில் 37 இடம். மீதி இரண்டு? மாகாணம் முழுக்க எந்தக் கட்சி அதிக வாக்கு வாங்கியதோ அதற்குப் போனசாக இரண்டு இடம் கொடுப்பது அப்போதைய அங்கத்திய சட்டம். வெற்றிலைக்கு மொத்தம் 2,00,044. வீட்டுக்கு 1,93,827. வித்தியாசம் 6,217. அந்த 6,217 வாக்குக்காக இரண்டு இடம், வெற்றிலை 14 ஆனது.

இந்த இரண்டு இடம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது கொஞ்சம் கீழே வரும்.

காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில், குரூப் தேர்வுக்குப் படிக்கிற தம்பி ஒருவனுக்கு இந்த எண்களைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். பார்த்துவிட்டு அவன் கேட்டது:

“சரிண்ணே, அப்ப யாருதான் ஜெயிச்சது?”

“அப்படி யாரையும் சொல்ல முடியாதுப்பா. சபைல யாரு யாரு எத்தனை பேருன்னுதான் சனங்க சொல்லியிருக்காங்க.”

“அப்ப முதலமைச்சர்?”

“அது இனிமேத்தான்.”

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். நம் ஊரில் ஓட்டு எண்ணும் அன்று மத்தியானத்துக்குள் யார் முதல்வர் என்று தெரிந்துவிடும், பட்டாசு வெடித்துவிடும். விகிதாசாரத் தேர்தலில் பெரும்பாலும் அப்படி நடக்காது. எந்தக் கட்சியும் பாதியைத் தாண்டுவது அபூர்வம். தேர்தல் பலத்தைத்தான் சொல்லும். ஆட்சி யாருக்கு என்பது அதன் பிறகு உட்கார்ந்து பேசி முடிவாகிற சங்கதி.

37 பேர் உள்ள சபையில் பெரும்பான்மைக்கு 19 வேண்டும். வெற்றிலை 14, வீரவன்ச கட்சி ராஜபக்ச பக்கம் என்பதால் 15 என்று வைத்துக்கொள்ளலாம். இன்னும் நாலு பற்றாக்குறை. எதிர்ப்பக்கம் வீடு 11, யானை 4. சேர்த்தால் அதுவும் 15. நடுவில் மரம், கையில் 7. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் 22.

கூட்டிப் பார்த்தால் வேறு வழிகளும் இல்லாமல் இல்லை. வெற்றிலையும் வீடும் சேர்ந்தால் 25, கணக்குக்கு ஜோர்தான். ஆனால் போர் முடிந்து மூன்றே ஆண்டாகியிருந்த நிலையில் அந்தக் கூட்டை யாரும் கனவில்கூட நினைக்க முடியாது. வெற்றிலை, யானை, வீரவன்ச மூவரும் சேர்ந்தால் சரியாக 19. ஆனால் அப்போது நாடு முழுக்க வெற்றிலைக்கு எதிர்க்கட்சியே யானைதான். எண்ணிக்கை ஒத்துவந்தால் மட்டும் போதாது, முகமும் பார்க்க வேண்டும். நடக்கக்கூடிய கூட்டு என்று பார்த்தால் எல்லாக் கயிறும் மரத்தில்தான் போய்க் கட்டியிருந்தது.

இப்போது அந்த இரண்டு போனஸ் இடத்துக்கு வருவோம். வீடும் மரமும் சேர்ந்தால் 18. ஒன்று குறைவு, யானையும் வந்தே ஆக வேண்டும். 6,217 வாக்கு மட்டும் அந்தப் பக்கம் விழுந்திருந்தால் வீட்டுக்கு 13, மரத்துக்கு 7, மொத்தம் 20. யானையின் தயவே வேண்டாம், இரண்டே கட்சிகளில் ஆட்சி முடிந்திருக்கும். பெரிய கட்சிக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்தால் ஆட்சி நிலையாக இருக்கும் என்றுதான் இந்தப் போனஸை வைத்தார்கள். 31.58 சதவீதம் வாங்கியவரையும் 30.59 சதவீதம் வாங்கியவரையும் 14, 11 என்று அது பிரித்துவிட்டது. என்னைக் கேட்டால் இது விகிதாசாரத்துக்குள் ஒளிந்திருக்கிற பழைய தொகுதி முறைதான். முதலில் வந்தவனுக்குக் கூடுதல் என்கிற அதே எண்ணம்.

ஏறக்குறைய பத்து நாள் பேச்சுவார்த்தை. முஸ்லிம் ஒருவரே முதலமைச்சராக இருக்கட்டும், நாம் சேர்ந்து ஆட்சி அமைப்போம் என்று வீட்டுக்காரர்கள் மரத்தை அழைத்தார்கள். நாலு இடம் அதிகமாக வைத்திருக்கிற கட்சி, குறைவாக வைத்திருக்கிற கட்சிக்குத் தலைமைப் பதவியைக் கொடுக்கத் தயாராக இருந்தது. கூட்டணிப் பேரத்தில் இது சகஜம். யார் இல்லாமல் ஆட்சி நடக்காதோ அவருக்குத்தான் விலை, யாரிடம் எத்தனை இடம் இருக்கிறது என்பது அதற்கு அடுத்துதான். ஆனால் மரத்தின் தலைவர் ஹக்கீம் அப்போது கொழும்பில் ராஜபக்ச அரசில் நீதி அமைச்சர். தேர்தலில் தனியாக நின்றாலும் மத்தியில் உறவு அறுபடவில்லை. கடைசியில் மரம் வெற்றிலையோடு போனது. வெற்றிலையைச் சேர்ந்த நஜீப் அப்துல் மஜீத் முதலமைச்சரானார். ஐந்தாண்டு காலத்தின் பிற்பாதியில் முதலமைச்சர் பதவி மரத்துக்கு என்று ஒரு பேச்சும் இருந்தது.

மந்திரிசபையைப் பங்கிடுவதும் அங்கே லேசுப்பட்டது இல்லை. மாகாணத்துக்கு முதலமைச்சரையும் சேர்த்து ஐந்து அமைச்சர்களுக்கு மேல் கூடாது என்று அரசியலமைப்பே கட்டிப்போட்டிருக்கிறது. நம் சென்னைக் கோட்டையில் மாதிரி முப்பது, முப்பத்தைந்து நாற்காலி போட்டுச் சமாளிக்க முடியாது. ஐந்தே நாற்காலி, மூன்று இனம், மூன்று மாவட்டம், இரண்டு மூன்று கட்சி. உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள், தலை சுற்றும்.

கதை இதோடு முடியவில்லை. 2015 ஜனவரி 8-ஆம் தேதி ஜனாதிபதித் தேர்தலில் ராஜபக்ச தோற்றார், மைத்திரிபால சிறிசேன வந்தார். மத்தியில் காற்று மாறியதும் கிழக்கிலும் மாறியது. பிப்ரவரியில் முஸ்லிம் காங்கிரசின் ஹாபிஸ் நசீர் அகமது முதலமைச்சராகப் பதவியேற்றார். எங்களிடம் 11 பேர் இருக்கும்போது 7 பேர் வைத்திருப்பவர்களுக்கு எப்படி முதலமைச்சர் பதவி என்று வீட்டுக்காரர்கள் முதலில் கோபித்துக்கொண்டார்கள். அப்புறம் பேசி, அமைச்சரவையில் கல்வி, விவசாயம் என்று இரண்டு துறைகளை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். வெற்றிலையில் ஜெயித்தவர்களில் சிலரும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள்.

கவனியுங்கள்: அதே 37 இடம், அதே 2012 வாக்கு. இடையில் மாகாண மக்கள் யாரும் போய் மறுபடி வாக்களிக்கவில்லை. முதல் பாதியில் வீடு எதிர்க்கட்சி, பிற்பாதியில் ஆளுங்கட்சி. இரண்டு ஆட்சியிலும் இருந்தது மரம்.

இதைச் சொல்லும்போது ‘பார்த்தீர்களா, நூற்றுக்கு 21 பேர் வாக்கு வாங்கிய கட்சி எல்லோரையும் ஆட்டி வைக்கிறது, இதுவா நியாயம்’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். சபையில் இடம் விகிதப்படி கிடைக்கிறது, அதிகாரம் விகிதப்படி கிடைப்பதில்லை. 14 இடத்துக்காரரும் 11 இடத்துக்காரரும் ஒன்று சேர முடியாத வரையில் நடுவில் இருக்கிற 7 இடத்துக்காரருக்குத்தான் மவுசு. விகிதாசார முறையைக் குறையே இல்லாத மாதிரிப் புகழ்கிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். மரத்துக்குப் போட்ட 1,32,917 பேரில் எத்தனை பேர் வெற்றிலை ஆட்சி வரட்டும் என்று போட்டார்கள், எத்தனை பேர் அது வரக்கூடாது என்று போட்டார்கள்? வாக்குச்சீட்டில் அதைச் சொல்ல இடமே கிடையாது.

ஆனால் நம் பக்கம் மட்டும் எல்லாம் சரியா? நம்மிடமும் கூட்டணி இருக்கிறது. அது தேர்தலுக்கு முன்னாலேயே, சென்னையில் நாலு சுவருக்குள் தொகுதிப் பங்கீடு என்ற பெயரில் முடிந்துவிடுகிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் காரைக்குடியில் என்ன நடந்தது? ஒரு கூட்டணி தொகுதியைக் காங்கிரசுக்கு ஒதுக்கியது, மாங்குடி நின்றார். எதிர்க் கூட்டணி பா.ஜ.க.வுக்கு ஒதுக்கியது, எச்.ராஜா நின்றார். மாங்குடி ஜெயித்தார். ஆனால் பரம்பரை பரம்பரையாக உதயசூரியனுக்கே குத்துகிற சாக்கோட்டைக்காரருக்கு அன்று இயந்திரத்தில் உதயசூரியன் இல்லை. இரட்டை இலைக்கே குத்துகிற புதுவயல்காரருக்கு இரட்டை இலையும் இல்லை. மாநிலத்தின் இரண்டு பெரிய கட்சிகளின் சின்னமும் இல்லாத ஒரு தேர்தலில் நாம் வாக்களித்தோம். கை, தாமரை இரண்டில் ஒன்றுக்குப் போடுங்கள் என்று கட்சிக்காரர்கள் வீடு வீடாக வந்து சொல்ல வேண்டியிருந்தது.

விகிதாசாரமாக இருந்தால் அந்த அவசியமே இல்லை. எல்லாக் கட்சியும் தன் தன் சின்னத்தில் நிற்கும், மக்கள் மனசிலிருக்கிறதுக்கே குத்துவார்கள், பேரம் எதுவானாலும் எண்ணிக்கை தெரிந்த பிறகு நடக்கும். இரண்டு முறையிலும் பேரம் உண்டு. நம் முறையில் ஒரு கட்சிக்கு எவ்வளவு பலம் என்று யாருக்குமே தெரியாத நேரத்தில், ஊகத்தை வைத்துப் பேரம். அங்கே எண்ணி முடித்த வாக்கை வைத்துப் பேரம். பின்னதுதான் கொஞ்சம் நாணயமானது என்பது என் கருத்து. நம்மிடமும் பெரும்பான்மை கிடைக்காமல் போனதுண்டு. 2006-ல் தி.மு.க.வுக்கு 96 இடம்தான், 118 வேண்டும். 34 இடம் வைத்திருந்த காங்கிரஸ் வெளியிலிருந்து கை கொடுத்தது, மந்திரிசபையில் பங்கு வாங்காமலே ஐந்தாண்டு ஓடியது. கூட்டணி ஆட்சி என்றாலே கவிழ்ந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, விகிதாசாரத்தில் நாம் இழப்பது என்ன? முதலில், ‘நம்ம எம்.எல்.ஏ.’ போய்விடுவார். இன்றைக்கு சாலை சரியில்லை, ரேஷன் கடை கட்டிடம் ஒழுகுகிறது என்றால் காரைக்குடியில் ஒருவர் வீட்டு வாசலுக்குப் போய் நிற்கலாம். மட்டக்களப்பில் மாவட்டத்துக்குப் பதினோரு பேர். பதினோரு பேரிடமும் போகலாம் என்றும் சொல்லலாம், அது அவர் வேலை என்று பதினோரு பேரும் கைகாட்டலாம் என்றும் சொல்லலாம். அடுத்தது விருப்பு வாக்குச் சண்டை. கட்சிக்கு ஆறு இடம் கிடைக்கும் என்றால் பட்டியலில் இருக்கிற எல்லோருக்கும் அந்த ஆறுக்குள் வர ஆசை. எதிர்க்கட்சிக்காரனை விடச் சொந்தக் கட்சிக்காரனே போட்டி. ஒரே சின்னம், வேறு வேறு எண், மாவட்டம் முழுக்கச் சுவரொட்டி, அதற்கு ஆகிற செலவு. இலங்கைத் தேர்தல்களில் அடிதடி வரை போனது பெரும்பாலும் இந்த உள்வீட்டுப் போட்டியில்தான்.

இதற்கெல்லாம் மாற்று வழி தேடிய இடங்களும் இருக்கின்றன. ஸ்காட்லாந்தில் ஒருவருக்கு இரண்டு வாக்கு, ஒன்று தொகுதி ஆளுக்கு, ஒன்று கட்சிக்கு. 129 பேரில் 73 பேர் தொகுதியிலிருந்து, 56 பேர் விகிதத்தைச் சரிக்கட்டும் பட்டியலிலிருந்து. 1999 முதல் தேர்தலில் தொழிற்கட்சிக்கு 56 இடம்தான், 17 இடம் வைத்திருந்த லிபரல் டெமாக்ரட் கட்சியைச் சேர்த்துக்கொண்டு ஆட்சி அமைத்தது. ஜெர்மானிய மாநிலங்களில் ஐந்து சதவீதம் வாங்காத கட்சிக்குப் பொதுவாக இடமே இல்லை என்று வாசலில் ஒரு தடுப்பு. சில்லறைக் கட்சிகள் பெருகி ஆட்சியை இழுத்தடிப்பதை அது குறைக்கும். ஆனால் அதற்குக் கீழே விழுகிற வாக்கெல்லாம் வீண், நம் சிவகங்கைக் கதை மாதிரி.

இலங்கையும் கடைசியில் மாகாண சபைகளுக்குப் பாதி தொகுதி, பாதி விகிதாசாரம் என்று கலந்து வைக்கலாம் என்று 2017 செப்டம்பரில் சட்டத்தைத் திருத்தியது. அதே மாதம் கிழக்கு மாகாண சபையின் ஐந்தாண்டும் முடிந்தது. புதுச் சட்டத்துக்குத் தொகுதி எல்லை வரைய வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை தயாராகி 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது, அங்கே தோற்றது. பழைய முறையை எடுத்தாகிவிட்டது, புது முறைக்கு எல்லைக் கோடு இல்லை. வெற்றிலை, வீடு, மரம், யானை என்று எந்தக் கட்சியும் உட்காராமல் சபை காலியாகி, நிர்வாகம் ஆளுநர் கைக்குப் போனது.